பாதி அறிமுகமானவர்களின் பலம்: சமூக வலைத்தளங்களில் தொழில்முறைத் தொடர்புகளை வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

அண்மையில் வேலை மாறியவர்களிடம் அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். உயிர் நண்பர் சொல்லிக் கிடைத்தது என்பவர்களைவிட, முன்பு ஏதோ ஒரு திட்டத்தில் சில மாதங்கள் உடன் வேலை பார்த்தவர், கருத்தரங்கில் பேசிப் பழக்கமானவர், பழைய மேலாளரின் நண்பர் என்று யாரையாவது கைகாட்டுபவர்களே அதிகம் இருப்பார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதை எண்களோடு காட்டினார். பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரில் தெரிந்தவர் மூலம் வேலை பெற்ற 54 பேரிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி சந்தித்து வந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம், எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம், மிக அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். நமக்கு நெருக்கமானவர்கள் நாம் புழங்கும் இடங்களிலேயே புழங்குவதால் அவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். சற்று விலகி இருப்பவரிடம்தான் நாம் கேள்விப்படாத செய்தி இருக்கும் என்பது அவர் தந்த விளக்கம்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2022-இல், லிங்க்ட்இன் என்ற தொழில்முறைத் தொடர்புத் தளத்தின் சுமார் 2 கோடிப் பயனர்களை ஐந்தாண்டுக் காலம் உள்ளடக்கிய ஓர் ஆய்வு 'சயன்ஸ்' இதழில் வெளியானது. அது இந்தக் கருத்தை உறுதிப்படுத்தியதோடு ஒரு திருத்தத்தையும் சேர்த்தது. முற்றிலும் அந்நியமான தொடர்புகளும் பெரிதாக உதவவில்லை, மிக நெருங்கியவையும் உதவவில்லை. ஓரளவு பொதுவான நண்பர்கள் உள்ள, பாதி அறிமுகமான தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு அதிகம் கைகொடுத்தன.

இந்த வழிகாட்டியில் வரும் அத்தனை படிகளுக்கும் பின்னால் இருப்பது இந்த ஒரே கணக்குதான். உங்களைப் பாதி மட்டுமே அறிந்த ஒருவர், தன் பெயர் கெட்டுவிடுமோ என்று தயங்காமல் உங்களை மூன்றாவது ஒருவரிடம் சொல்ல வேண்டும். அதற்கு அவருக்கு என்னென்ன தேவையோ அவற்றை எடுத்த எடுப்பில் கிடைக்கும்படி வைப்பதே உங்கள் வேலை.

படி 1: உங்களைப் பற்றி இன்னொருவர் சொல்லும் வாக்கியத்தை எழுதுங்கள்

கணக்கைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். "எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், அவர்..." என்று தொடங்கி, உங்களை யாரோ ஒருவர் அறிமுகப்படுத்துவதுபோல் ஒரு வாக்கியத்தை முடித்துப் பாருங்கள். "அவர் கணக்குத் துறையில் இருக்கிறார்" என்று முடித்தால், கேட்பவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. "அவர் சிறு தொழிற்சாலைகளின் கொள்முதல் கணக்கைச் சீர்படுத்துபவர், இப்போது பெரிய நிறுவனம் ஒன்றுக்கு மாறப் பார்க்கிறார்" என்று முடித்தால், கேட்பவர் மனத்தில் ஏதேனும் ஒரு பெயர் உடனே எழும். இந்த வாக்கியத்தில் மூன்று செய்திகள் இருப்பதைக் கவனியுங்கள்: யாருக்காக வேலை செய்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள், அடுத்து எதை நாடுகிறீர்கள். எழுதி முடிக்க அரை நாள் ஆனாலும் பரவாயில்லை. பிறகு எழுதப் போகும் தலைப்பு வரி, அறிமுகப் பத்தி, முதல் செய்தி எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கும்.

படி 2: தளத்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாத் தளங்களிலும் இருக்க வேண்டும் என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. ஐந்து தளங்களில் பாதியில் நிற்கும் பக்கங்களைவிட ஒரே தளத்தில் ஒழுங்காகப் பேணப்படும் பக்கம் மேல். 2003 மே மாதம் தொடங்கப்பட்டு, 2016-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தால் வாங்கப்பட்ட லிங்க்ட்இன், 2023-இல் 100 கோடி உறுப்பினர்களைத் தாண்டியது. பெரும்பாலான துறையினருக்கு அதுவே தலைமையிடம். நிரலாளர்களுக்கு கிட்ஹப், வடிவமைப்பாளர்களுக்கு பிஹான்ஸ், ஆராய்ச்சியாளர்களுக்கு ரிசர்ச்கேட், ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் வேலை தேடுவோருக்கு ஸிங் என்று துறைக்கும் நாட்டுக்கும் ஏற்ற இரண்டாவது தளம் ஒன்று இருக்கலாம். அந்த இரண்டாவது தளத்தில் பேச்சைவிட வேலையே பேச வேண்டும். கிட்ஹப் பக்கத்தின் முகப்பில் ஆறு திட்டங்கள் வரை பொருத்தி வைக்கலாம். அந்த ஆறையும் கைபோன போக்கில் விடாமல், மற்றவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி விளக்கக் குறிப்போடு வைப்பவர்கள் வியக்கத்தக்க அளவு குறைவு.

படி 3: சுயவிவரப் பக்கத்தைச் செப்பனிடுங்கள்

புகைப்படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: முகம் தெளிவாக, வெளிச்சத்தில், தனியாக இருந்தால் போதும்.

தலைப்பு வரிதான் முக்கியம். லிங்க்ட்இன் அதற்கு 220 எழுத்துக்குறிகளை அனுமதிக்கிறது. ஆனால் தேடல் முடிவுகளிலும் பின்னூட்டங்களின் அருகிலும் அதன் தொடக்கம் மட்டுமே தெரியும், மீதி வெட்டுப்பட்டுவிடும். எனவே முதல் ஐந்தாறு சொற்களிலேயே உங்கள் வேலை தெரிந்துவிட வேண்டும். "கனவுகளைத் துரத்துபவர்", "தொடர்ந்து கற்பவர்" போன்றவை யாரையும் விலக்காதவை, ஆகவே யாரையும் அடையாளம் காட்டாதவை. பதவிப் பெயரை மட்டும் போடுவதும் போதாது. ஒரே பதவிப் பெயருக்கு ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு பொருள். தமிழில் எழுதுபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: கணினி எண்ணும் முறையில் 'கொ' என்ற ஓரெழுத்து இரண்டு குறிகள், 'க்' என்பதும் இரண்டு குறிகள். ஆகவே 220 என்பது கைக்கு வரும்போது கணிசமாகச் சுருங்கிவிடும்.

எந்த மொழியில் எழுதுவது என்று பலர் கேட்பதுண்டு. உங்களைத் தேடப் போகிறவர் எந்த மொழியில் தேடுவாரோ அந்த மொழியில் பக்கம் இருக்க வேண்டும் என்பதே என் விடை. பக்கத்தை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, தமிழ் அறிந்தவர்களிடம் தமிழிலேயே உரையாடுவதில் எந்த முரணும் இல்லை.

அறிமுகப் பகுதியில் 2,600 எழுத்துக்குறிகள் வரை எழுதலாம் என்றாலும், பார்ப்பவர் 'மேலும்' என்பதை அழுத்தும் வரை முதல் சில வரிகளே தெரியும். படி 1-இல் எழுதிய வாக்கியத்தைத் தன்மையில் ('நான்' என்று) மாற்றி அங்கே முதலில் வையுங்கள். அதன் கீழே நீங்கள் தீர்த்த ஒரு சிக்கலை அளவோடு சொல்லுங்கள். "செயல்திறனை மேம்படுத்தினேன்" என்பதைவிட, "மாதக் கணக்கு முடிக்க ஒன்பது நாள் ஆகிவந்தது, அதை நான்காகக் குறைத்தோம், அதற்கு முதலில் செய்தது பில்கள் வந்துசேரும் வழியை ஒன்றாக்கியது" என்பது உங்களைத் தெரியாதவருக்கும் நம்பும்படி இருக்கும். 'குறைத்தேன்' என்று எழுதாமல் 'குறைத்தோம்' என்று எழுதியிருப்பதையும் பாருங்கள். குழுவாகச் செய்ததைக் குழுவாகவே சொல்பவரை, உடன் வேலை பார்த்தவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது மதிக்கிறார்கள். உங்களைப் பரிந்துரைக்கப் போகிறவர்களும் அவர்கள்தாம்.

இந்த மாற்றங்களைத் தொடங்கும் முன், அமைப்புகள் பகுதியில் சுயவிவர மாற்றங்களைத் தொடர்புகளுக்கு அறிவிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். வேலை தேடுவதைக் காட்டும் வசதியை எல்லோருக்கும் தெரியும்படியும் வைக்கலாம், ஆளெடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படியும் வைக்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் தற்போதைய நிறுவனத்தின் ஆளெடுப்பவர்களிடமிருந்து அதை மறைக்கத் தளம் முயலும், ஆனால் உறுதி அளிப்பதில்லை. அந்தச் செய்தி கசிந்தால் தாங்க முடியாது என்ற நிலையில் இருப்பவர் அந்த வசதியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

படி 4: யாரை இணைத்துக்கொள்வது

முதலில் பழைய வட்டம். உடன் படித்தவர்கள், முந்தைய வேலைகளில் பக்கத்து மேசையில் இருந்தவர்கள், வாடிக்கையாளர் தரப்பில் நல்லபடி பேசிப் பழகியவர்கள் ஆகியோரை நினைவிலிருந்து எழுதினாலே அறுபது, எழுபது பெயர்கள் தேறும். இவர்களே நாம் தொடக்கத்தில் பார்த்த பாதி அறிமுகமானவர்கள். புதிய அந்நியர்களைத் தேடிப் போவதற்கு முன் இவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொருவராகத் தேடுவதற்குப் பதிலாக, மின்னஞ்சல் முகவரிப் பட்டியலை மொத்தமாக ஏற்றும்படி தளம் உங்களைத் தூண்டும். செய்யாதீர்கள். எப்போதோ ஒருமுறை வீட்டு வாடகை தொடர்பாக மின்னஞ்சல் அனுப்பியவருக்கும் உங்கள் பெயரில் அழைப்பு போகும். அப்படி ஏற்றப்பட்ட முகவரிகளுக்குத் திரும்பத் திரும்ப நினைவூட்டல் அனுப்பியது தொடர்பான வழக்கில் லிங்க்ட்இன் 2015-இல் 1.3 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது என்பதை நினைவில் வையுங்கள்.

பழைய வட்டம் முடிந்த பிறகு, நீங்கள் போக விரும்பும் இடத்தில் இருப்பவர்களைத் தேடுங்கள். இங்கே ஒரு பொதுவான தவறு, நேராகத் துறைத் தலைவருக்கே கோரிக்கை அனுப்புவது. உங்களைவிட இரண்டு, மூன்று ஆண்டுகள் முன்னால் இருப்பவருக்கு உங்கள் கேள்வி இன்னும் நினைவிருக்கும், பதில் சொல்ல நேரமும் இருக்கும்.

படி 5: முதல் செய்தி

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். எனக்கு வருகின்ற செய்திகளில் பெரும்பாலானவை இந்த வடிவத்தில் இருக்கின்றன:

"வணக்கம் சார். உங்கள் ப்ரொஃபைலைப் பார்த்தேன், மிகவும் பிடித்திருந்தது. உங்கள் நிறுவனத்தில் எனக்கு ஏற்ற வேலை ஏதேனும் இருந்தால் சொல்லவும். என் ரெஸ்யூமேவை இணைத்திருக்கிறேன்."

இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் எழுதியவர் ஐந்து நிமிட வேலையைத் தன்னிடமிருந்து எடுத்து, ஒரு மணி நேர வேலையாகப் பெறுபவரிடம் தள்ளிவிடுகிறார். இவர் யார், எந்த வேலைக்குப் பொருந்துவார், அது காலியாக இருக்கிறதா, யாரிடம் கேட்பது என்று அத்தனையையும் முன்பின் தெரியாத ஒருவர் செய்து தர வேண்டும். அதனால்தான் பதில் வருவதில்லை. இதையே இப்படி எழுதிப் பார்ப்போம்:

"வணக்கம். கிடங்கு இருப்பைச் சரிபார்ப்பதில் வரும் குழப்பங்களைப் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் நான்கு ஆண்டுகளாகக் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன், கிடங்கு மேலாண்மைக்கு மாற நினைக்கிறேன். ஒரே ஒரு கேள்வி: முதலில் சான்றிதழ்ப் படிப்பை முடிப்பதா, அல்லது இப்போதைய இடத்திலேயே இருப்புக் கணக்குப் பொறுப்பைக் கேட்டு வாங்குவதா, உங்கள் அனுபவத்தில் எது உதவியது? நேரம் கிடைக்கும்போது இரண்டு வரி எழுதினால் போதும்."

இதில் வேலை கேட்கப்படவில்லை. பதிலை இரண்டு நிமிடத்தில் எழுதிவிடலாம். எழுதியவர் உண்மையிலேயே படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பதும், இரண்டு வழிகளை ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறார் என்பதும் தெரிகின்றன. பதில் சொன்னவருக்கோ, இவரைப் பற்றிப் பிறகு யாரிடமாவது சொல்லும்படி ஒரு செய்தி கையில் இருக்கிறது: கொள்முதலில் இருந்து கிடங்குக்கு மாற நினைப்பவர், யோசித்துக் கேட்பவர்.

இலவசக் கணக்கு வைத்திருப்பவர்கள் இணைப்புக் கோரிக்கையோடு குறிப்பு எழுதி அனுப்ப மாதத்துக்குச் சில முறைதான் முடியும், குறிப்பின் நீளத்துக்கும் வரம்பு உண்டு. எனவே கோரிக்கையில் "இன்ன பதிவைப் படித்தேன், இன்ன துறையில் இருக்கிறேன்" என்று மட்டும் சுருக்கமாகச் சொல்லி, அது ஏற்கப்பட்ட பிறகு மேலே உள்ள முழுச் செய்தியை அனுப்பலாம். விளிப்பைப் பொறுத்தவரை, முன்பின் அறியாதவரை 'ப்ரோ' என்றோ 'அண்ணா', 'அக்கா' என்றோ அழைத்து நெருக்கத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வெறும் 'வணக்கம்' போதுமானது. அவர் 'நீங்கள்' என்பதிலிருந்து இறங்கி வந்தாலும் நீங்கள் 'நீங்கள்' என்பதிலேயே நில்லுங்கள்.

பதில் வரவில்லையென்றால் பத்து நாள் கழித்து ஒரு வரி நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பதில் வராததற்குப் பெரும்பாலும் காரணம் நீங்கள் அல்ல, அவருடைய அந்த வாரம்.

படி 6: பதிவுகளுக்கு முன் பின்னூட்டங்கள்

தினமும் பதிவு போட வேண்டும் என்று சொல்லப்படுவதைக் கேட்டு, எழுத எதுவும் இல்லாத நாட்களில் பொன்மொழிகளைப் பகிர்ந்து களைத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தொடக்கத்தில் பதிவுகளே வேண்டாம். உங்கள் துறையில் தொடர்ந்து எழுதும் பத்துப் பேரைப் பின்தொடர்ந்து, வாரத்துக்கு மூன்று, நான்கு பின்னூட்டங்கள் ஒழுங்காக எழுதுங்கள். 'அருமை', 'முற்றிலும் உண்மை' என்பவை பின்னூட்டம் ஆகா. "நீங்கள் சொன்ன முறையை நாங்களும் முயன்றோம், இரவுப் பணி மாறும் நேரத்தில் மட்டும் எண்ணிக்கை ஒத்துவரவில்லை, அதை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்பது பின்னூட்டம். பதிவை எழுதியவருக்கு அதனால் பயன் உண்டு. அதைப் படிக்கும் அவருடைய வட்டத்தினர் அனைவரும் உங்கள் பெயரையும் தலைப்பு வரியின் முதல் சில சொற்களையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

இப்படி இரண்டு மாதம் சென்ற பிறகு, பின்னூட்டங்களில் நீங்கள் திரும்பத் திரும்ப விளக்க நேர்ந்த ஒரு விஷயம் தட்டுப்படும். அதுவே உங்கள் முதல் பதிவு. ஒரு சிக்கல், முதலில் செய்த தவறு, பிறகு கண்ட வழி என்ற மூன்றும் இருந்தால் போதும். லிங்க்ட்இன் பதிவில் 3,000 எழுத்துக்குறிகள் வரை இடம் உண்டு, ஆனால் 'மேலும்' என்பதை அழுத்தும் வரை முதல் இரண்டு, மூன்று வரிகளே தெரியும் என்பதால் சிக்கலை அங்கேயே சொல்லிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்று எழுதினாலே ஆண்டுக்கு இருபத்தைந்துக்கு மேல் ஆகிறது. அவற்றை யாராவது தேடிப் படிக்கும்போது நீங்கள் யார் என்பது தானே விளங்கும்.

எழுதும்போது வேலைசெய்யும் இடத்தின் இரகசியங்களில் கவனம் தேவை. பெயரை மறைத்தாலும், ஸ்கிரீன்ஷாட்டின் ஓரத்தில் தெரியும் கோப்பின் பெயர் வாடிக்கையாளரைக் காட்டிக் கொடுத்துவிடும்.

படி 7: அறிமுகம் கேட்பது

நீங்கள் போக விரும்பும் நிறுவனத்தில் இருப்பவர் உங்களுக்கு இரண்டாம் நிலைத் தொடர்பு என்றால், இருவருக்கும் பொதுவானவர் யார் என்பதைத் தளமே காட்டும். அந்தப் பொது நண்பரிடம் "கொஞ்சம் சொல்லி வையுங்கள்" என்று கேட்பதுதான் வழக்கம். அவர் மனதாரச் சம்மதித்தாலும், என்ன எழுதுவது என்று யோசித்தே தள்ளிப்போடுவார். அவருக்கு அந்தச் சிரமம் இல்லாமல், அப்படியே எடுத்து அனுப்பும்படி ஒரு பத்தியை நீங்களே படர்க்கையில் எழுதிக் கொடுங்கள்: இவர் யார், எதற்காகப் பேச விரும்புகிறார், எவ்வளவு நேரம் வேண்டும் என்று நான்கு வரி. அதோடு, "அவரிடம் கேட்பது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்" என்ற ஒரு வரியையும் சேருங்கள். மறுக்க வழி விட்டுக் கேட்பவருக்கு உதவத்தான் மனம் வரும்.

எழுத்துப் பரிந்துரை கேட்பதும் இப்படித்தான். "ஒரு ரெகமெண்டேஷன் எழுதித் தாருங்கள்" என்பதைவிட, "அந்த இடமாற்றப் பணியை நாம் சேர்ந்து முடித்ததைப் பற்றி நான்கு வரி எழுத முடியுமா?" என்று கேட்டால் பொருளுள்ள பரிந்துரை கிடைக்கும். கேட்பதற்கு முன் அவருக்கு நீங்கள் ஒன்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது. திறன்களுக்கு அருகில் மற்றவர்கள் அழுத்திவிட்டுப் போகும் ஒப்புதல்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

படி 8: போலிகளை அடையாளம் காணுங்கள்

தொடர்பு வட்டம் பெருகும்போது ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள். ஆளெடுப்பவர் என்று சொல்லிக்கொள்பவர் முதல் செய்தியிலேயே வாட்ஸ்அப் அல்லது டெலிகிராமுக்கு வரச் சொல்கிறாரா, நேர்காணல் இல்லாமலே வேலை உறுதி என்கிறாரா, பதிவுக் கட்டணம் அல்லது பயிற்சிக் கட்டணம் கேட்கிறாரா என்று பாருங்கள். வேலை தருபவர் பணம் கேட்டால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். 'தேர்வு' என்ற பெயரில் கோப்பு ஒன்றை அனுப்பி இறக்கி இயக்கச் சொல்வது நிரலாளர்களைக் குறிவைத்து நடக்கும் மோசடி. ஐயம் எழுந்தால், நிறுவனத்தின் இணையதளத்தை நீங்களே தேடித் திறந்து, அந்த வேலை அங்கே அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவர் அனுப்பிய இணைப்பின் வழியாகப் போகாதீர்கள். அடையாள அட்டை, வங்கி விவரம் எதுவும் எழுத்துப்பூர்வமான பணி ஆணை கைக்கு வந்து, அதைச் சரிபார்த்த பிறகுதான்.

படி 9: பட்டியலை எடுத்து வைத்துத் தொடர்பைப் பேணுங்கள்

லிங்க்ட்இன் அமைப்புகளில் உங்கள் தரவின் நகலைக் கேட்டுப் பெறும் வசதி உண்டு. அதில் தொடர்புகள் என்ற கோப்பைத் திறந்தால் பெயர், நிறுவனம், பதவி, இணைந்த தேதி என்று எக்செல்லில் விரிக்கும்படி ஒரு பட்டியல் கிடைக்கும். அதில் கடைசியாகப் பேசிய மாதம், என்ன பேசினோம் என்று இரண்டு நெடுவரிசைகளை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து, ஓராண்டாகப் பேசாத ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள். 'எப்படி இருக்கிறீர்கள்' என்று மட்டும் எழுதினால் என்ன கேட்கப் போகிறாரோ என்று எதிரில் இருப்பவர் காத்திருப்பார். "சென்ற ஆண்டு நீங்கள் சொன்ன மென்பொருளுக்கு மாறிவிட்டோம், அறிக்கை எடுக்கும் வேலை பாதியாகக் குறைந்தது" என்பதுபோல் அவர் சொன்னது என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். அவருடைய துறைக்கு ஏற்ற அறிவிப்பையோ கட்டுரையையோ அனுப்புவதும் நன்றே.

வேலை கிடைத்தவுடன் காணாமல் போவது பலருடைய வழக்கம். புதிய பதவியை அறிவிக்கும் பதிவில் பொதுவாக எல்லோருக்கும் நன்றி சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், வழியில் உதவிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுங்கள். இரண்டு வரி பதில் மட்டும் சொன்னவரும் அந்தக் கணக்கில் சேர்த்தி. பிறகு, உங்கள் செய்திப் பெட்டியில் பதில் இல்லாமல் கிடக்கும் கோரிக்கைகளைத் திறந்து பாருங்கள். கொள்முதலில் இருந்து கிடங்குக்கு மாற நினைக்கும் யாரோ ஒருவர் அங்கே ஒரே ஒரு கேள்வியோடு காத்திருக்கக்கூடும்.